கல்லா, இரும்பா? பனிக்கட்டியில் கிடைத்த விண்கல் கற்றுத்தரும் பாடம்

விஞ்ஞான பாடவேளையில் மேசைமீது ஒரு கல்லை வைத்தால் மாணவியர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இதன் பெயர் என்ன, டீச்சர்?” பெயரைச் சொல்லிவிட்டால் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த கல்லைக் கேட்பார்கள். பெயர் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கின்றது. விஞ்ஞானத்தின் ஒழுங்கோ இதற்கு நேர்மாறானது. முதலில் பார்க்க வேண்டும். பார்த்ததை அளக்க வேண்டும். அளந்ததை இன்னொருவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். பெயர் இவை எல்லாவற்றுக்கும் பின்னர்தான் வரும்.

இந்த ஒழுங்கை விளக்குவதற்கு, அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிமீது கண்டெடுக்கப்பட்ட ஒரு விண்கல்லை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1979 ஆம் ஆண்டில் தொடங்கிய தென்முனைக் கோடைப் பருவத்தில், விக்டோரியாலாந்துப் பகுதியிலுள்ள ரெக்லிங் சிகரத்தின் அருகே அது கிடைத்தது. அதன் திணிவு ஏறத்தாழ 10 கிலோகிராம். அது கல்லும் இரும்பும் ஒன்றாகக் கலந்த, மிக அரிதான வகையைச் சேர்ந்தது. அதனைக் கல் என்பதா, இரும்பு என்பதா, இரண்டுக்கும் இடைப்பட்டது என்பதா என்ற கேள்விக்கு எவ்வாறு விடை காணப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூன்று பெரும் பிரிவுகள்

விண்வெளியிலிருந்து வந்து, வளிமண்டலத்தில் எரிந்து தீர்ந்துவிடாமல் தரையை அடையும் கற்களையே விண்கற்கள் என்கிறோம். இவை மூன்று பெரும் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. முதலாவது கல் விண்கற்கள். விழுவதைக் கண்டு எடுக்கப்பட்ட விண்கற்களில் நூற்றுக்கு 94 அளவில் இவையே. இரண்டாவது, இரும்பும் நிக்கலும் சேர்ந்த உலோகத்தாலான இரும்பு விண்கற்கள். இவை நூற்றுக்கு ஐந்து அளவில் உள்ளன. மூன்றாவது கல்லிரும்பு விண்கற்கள். இவை நூற்றுக்கு ஒன்று அளவே.

இப்பிரிவுகள் ஏன் உண்டாயின என்பதை நமது அடுப்படியிலேயே விளங்கிக்கொள்ளலாம். உங்கள் உம்மா அரிசி அரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அரிக்கன்சட்டியில் தண்ணீரோடு அரிசியைச் சுழற்றும்போது, பாரமான சிறுகல் அடியில் தங்க, அரிசி மேலே வந்து வழிந்துவிடுகின்றது. ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் சூரிய மண்டலம் உருவான காலத்தில், சில சிறுகோள்களின் உள்ளும் இது போன்ற ஒன்று நடந்தது. கதிர்த்தொழிற்பாட்டால் உண்டான வெப்பத்தினால் அவை உருகின. உருகியதும் பாரமான உலோகம் மையத்துக்கு இறங்கி அகணியாயிற்று. பாரம் குறைந்த கற்குழம்பு மேலே எழுந்து நடுப்படையும் வெளியோடுமாயிற்று. பின்னர் இச்சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. அவற்றின் வெளிப்பகுதிகளிலிருந்து சில கல் விண்கற்களும், அகணியிலிருந்து இரும்பு விண்கற்கள் பலவும் வந்தன. (கல் விண்கற்களிற் பெரும்பாலானவை ஒருபோதும் உருகாத சிறுகோள்களிலிருந்து வந்தவை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.)

நாம் வாழும் பூமிக்கும் உலோக அகணி உண்டு. ஆனால் அது சுமார் 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகின்றது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. ஆகவே ஓர் அகணியின் துண்டைக் கையில் வைத்து ஆராய வேண்டுமாயின் விண்கற்களே நமக்குள்ள வழி. கல்லிரும்பு விண்கற்களில் உலோகமும் கல்லும் அருகருகே இருப்பதால், அவை இன்னும் பெறுமதி வாய்ந்த சாட்சிகளாகின்றன.

பனிக்கட்டி ஏன் விண்கற்களைச் சேர்த்து வைக்கின்றது?

விண்கற்கள் உலகெங்கும் விழுகின்றன. அந்தாட்டிக்காவில் மட்டும் அதிகமாக விழுவதில்லை. ஆயினும் இன்றுவரை அங்கிருந்து 45,000 க்கும் மேற்பட்ட விண்கற்கள் சேகரிக்கப்பட்டுள்ளன. காரணம் பனிக்கட்டியின் ஓட்டம்.

அக்கண்டத்தின் உட்பகுதியில் விழும் பனி, ஆண்டுதோறும் மேலே சேரும் பனியினால் அமுக்கப்பட்டு இறுகிய பனிக்கட்டியாகின்றது. அதில் விழுந்த விண்கற்களும் உள்ளே புதைந்துவிடுகின்றன. இப்பனிக்கட்டி அசையாமல் நிற்பதில்லை. தன் பாரத்தினால் மிக மெதுவாகக் கடலை நோக்கி நகர்கின்றது. வழியில் மலைத்தொடர் ஒன்று குறுக்கிட்டால் ஓட்டம் தடைப்பட்டு, ஆழத்திலிருந்த பனிக்கட்டி மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. அங்கு வீசும் வறண்ட கடுங்காற்று ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவு பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்கி அகற்றுகின்றது. பனிக்கட்டி ஆவியாகிப் போகும், கற்கள் போகா. ஆகவே பல்லாயிரம் ஆண்டுகளாக வெவ்வேறு இடங்களில் விழுந்த கற்கள், நீலநிறமான அப்பனிக்கட்டியின் மேற்பரப்பில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன.

அந்தாட்டிக்காவில் முதல் விண்கல் 1912 இல் டக்ளஸ் மோசன் தலைமையில் சென்ற அவுஸ்திரேலியக் குழுவினரால் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் பனிக்கட்டி கற்களைச் சேர்த்து வைக்கின்றது என்ற உண்மை 1969 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. யமாத்தோ மலைகளின் அருகே பனிக்கட்டியின் நகர்வை அளந்துகொண்டிருந்த ஜப்பானியக் குழுவினர் ஒன்பது விண்கற்களைப் பொறுக்கினார்கள. ஒரே விண்கல் உடைந்து சிதறியிருந்தால் ஒன்பதும் ஒரே வகையாக இருந்திருக்க வேண்டும். ஆய்ந்து பார்த்தபோது அவை வெவ்வேறு வகைகளாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக விபரித்து வகைப்படுத்தியதனால்தான், வேறு வேறு காலங்களில் விழுந்த கற்களைப் பனிக்கட்டி ஓரிடத்துக்குக் கொண்டு வந்திருக்கின்றது என்பது தெரிந்தது. இதனை அறிந்த அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கசிடி 1976 இல் தமது நாட்டின் தேடல் திட்டத்தைத் தொடங்கினார். ரெக்லிங் சிகரத்துக் கல் அத்திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளிற் கிடைத்ததாகும்.

இன்னொரு விடயமும் உண்டு. பனிக்கட்டியிற் கிடைத்தவற்றுள் இரும்பு, கல்லிரும்பு வகைகளின் பங்கு, உலகின் ஏனைய பகுதிகளில் விழக் காணப்பட்டவற்றின் பங்கைவிடக் குறைவாக இருக்கின்றது. 2016 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். உலோகம் வெப்பத்தை எளிதிற் கடத்தும். மேற்பரப்பை அண்மிக்கும் இரும்புக்கல், பனிக்கட்டியினூடாக வரும் சூரிய ஒளியால் வெப்பமடைந்து, தனக்குக் கீழேயுள்ள பனிக்கட்டியை உருக்கி மீண்டும் கீழே இறங்கிவிடலாம் என்பதே அவ்விளக்கம். அப்படியானால் மேலே வந்து நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கல்லிரும்பும் இன்னும் அருமையானதே.

கை படாமல் எடுத்தல்

விண்கல்லை எடுக்கும் முறையே ஒரு பாடம். கண்டதும் யாரும் கையில் எடுப்பதில்லை. கையின் வியர்வையும் எண்ணெயும் அதனை மாசுபடுத்திவிடும். முதலில் அதற்கு ஓர் இலக்கம் கொடுக்கப்படும். அளவுகோல் அருகே தெரியும்படி படம் எடுக்கப்படும். கிடந்த இடம் குறிக்கப்படும். பின்னர் சுத்தமான கருவியால் எடுத்து, சுத்தமான பையில் இட்டு மூடுவார்கள். உறைந்த நிலையிலேயே அது ஹூஸ்டன் நகரிலுள்ள ஜோன்சன் விண்வெளி நிலையத்துக்குச் செல்லும். அங்கே உலர்ந்த நைதரசன் வாயு நிரம்பிய பெட்டியினுள் பனி நீக்கப்படும். ஏனெனில் ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடித்துவிடும்.

அதற்கு வைக்கப்படும் பெயரைப் பாருங்கள். நமது கல்லின் பெயர் ஆர்.கே.பி.ஏ. 79015. முதல் மூன்று எழுத்துகள் ரெக்லிங் சிகரத்தைக் குறிக்கின்றன. நான்காவது எழுத்து தேடற்குழுவைக் குறிக்கின்றது. 79 என்பது பருவம் தொடங்கிய ஆண்டு. 015 என்பது வரிசை இலக்கம். இப்பெயரில் அது கல்லா, இரும்பா என்ற கருத்து எதுவுமில்லை. எங்கே, எப்போது, எத்தனையாவது என்ற மூன்று உண்மைகள் மட்டுமே உள்ளன. பின்னாளில் அதன் வகைபற்றிய கருத்து மாறினாலும் இப்பெயர் மாற வேண்டியதில்லை.

விபரித்தல்: வெளியிலிருந்து உள்ளே

ஆய்வுகூடத்தில் முதல் விபரிப்பு வெறுங்கண்ணால் தொடங்குகின்றது. நீளம், அகலம், உயரம், திணிவு என்பன எழுதப்படும். வளிமண்டலத்தினூடாக வந்தபோது மேற்பரப்பு உருகி உண்டான கரிய மேலோடு எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று குறிக்கப்படும். துருவின் அளவு ஏ, பி, சி என்று மூன்று தரங்களாகக் குறிக்கப்படும். ஏ என்றால் சிறிதளவு துரு, சி என்றால் கடுமையான துரு. வெடிப்புகளுக்கும் அவ்வாறே மூன்று தரங்கள் உண்டு. “மிகவும் பழுதடைந்தது”, “ஓரளவு நல்லது” என்று ஒவ்வொருவரும் தத்தமது சொல்லில் எழுதினால் இரண்டு கற்களை ஒப்பிட முடியாது. அதனால்தான் எல்லோரும் ஒரே அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள்.

அடுத்தது அடர்த்தி. நாம் அன்றாடம் காணும் கருங்கல்லின் அடர்த்தி, நீரின் அடர்த்தியைப் போல 2.7 மடங்கு அளவில் இருக்கும். கல் விண்கற்களிற் பலவற்றுக்கு அது 3.5 ஐ அண்மித்து இருக்கும். இரும்பு விண்கல்லுக்கு 8 ஐ நெருங்கும். கல்லிரும்பு இடையில் வரும். பொருளை உடைக்காமலே அதன் உட்புறத்தைப் பற்றி ஒரு துப்புத் தருவது அடர்த்தி. இம்முறையின் வரலாற்றிலே ஒரு முஸ்லிம் அறிஞருக்கு உயர்ந்த இடமுண்டு. கி.பி. 973 இற் பிறந்த அல்-பிரூனி, ஒரு கலத்தில் நீரை நிரப்பி, பொருளை உள்ளே இட்டு, வழிந்த நீரை நிறுத்து, இரத்தினங்களினதும் உலோகங்களினதும் அடர்த்திகளைத் துல்லியமாக ஒப்பிட்டார். நிறத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு கற்களை நிறையால் பிரித்தறிய முடியும் என்பதை அவர் அளந்து காட்டினார். இன்று விண்கற்களை நீரில் இடுவதில்லை. நீர் அவற்றைப் பழுதாக்கும். நீருக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகளையோ ஹீலியம் வாயுவையோ பயன்படுத்துகிறார்கள். கணக்கு அதேதான்.

அதன் பின்னரே கல் வெட்டப்படும். வெட்டுமுகத்தை மினுக்கி, ஐதான நைத்திரிக் அமிலத்தால் தடவினால், உலோகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் பட்டைகள் தெரியலாம். நிக்கல் குறைந்த கமசைட், நிக்கல் கூடிய டேனைட் என்ற இரண்டு கலப்புலோகங்களும் அமிலத்துக்கு வெவ்வேறு விதமாகத் தாக்கமடைவதே இதற்குக் காரணம். இப்பட்டைகள் திண்ம உலோகம் மிக மெதுவாகக் குளிரும்போது உருவாகின்றவை. பட்டறையிலோ தொழிற்சாலையிலோ இவற்றை உண்டாக்க முடியாது.

கற்பகுதியிலிருந்து 0.03 மில்லிமீற்றர் தடிப்பமுள்ள மெல்லிய சீவல் ஒன்று செய்யப்படும். அந்தத் தடிப்பில் கல்லினூடாக ஒளி செல்லும். முனைவாக்கப்பட்ட ஒளியில் நுணுக்குக்காட்டியால் பார்க்கும்போது ஒவ்வொரு கனியமும் தனக்குரிய நிறங்களைக் காட்டும். இலத்திரன் கற்றை ஒன்றைச் செலுத்தி, ஒவ்வொரு மணியிலும் இரும்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்பதையும் அளந்துகொள்வார்கள்.

வகைப்படுத்தல்: இரண்டு கேள்விகள்

இத்தனை விபரங்களும் கையில் இருக்கும்போது, வகைப்படுத்தல் சில கேள்விகளாகச் சுருங்கிவிடுகின்றது. கல்லிரும்பு விண்கல்லுக்கு முக்கியமான கேள்விகள் இரண்டு. உலோகத்தோடு சேர்ந்திருக்கும் கனியம் எது? அவ்விரண்டும் எவ்வாறு சேர்ந்திருக்கின்றன?

தேன்நிறமான அல்லது பசுமஞ்சளான ஒலிவின் பளிங்குகள் உலோகத்தினிடையே பதிக்கப்பட்டவைபோல் இருந்தால் அது பல்லசைட். சைபீரியாவில் கிடைத்த சுமார் 700 கிலோகிராம் திணிவுள்ள பிண்டம் ஒன்றை 1772 இல் பார்த்து விபரித்த பீற்றர் பல்லஸ் என்ற அறிஞரின் பெயரால் இவ்வகை அழைக்கப்படுகின்றது. அது வானத்திலிருந்து வந்ததென்று பல்லஸ் கூறவில்லை. தாம் கண்டதைக் கண்டபடி எழுதினார். அந்த விபரத்தை ஆதாரமாகக் கொண்டே, 1794 இல் ஏர்ன்ஸ்ற் கிளாட்னி இத்தகைய பிண்டங்கள் விண்வெளியிலிருந்து வந்தவை என்று வாதிட்டார். அக்காலத்தில் அதனைப் பலர் ஏற்கவில்லை. விளக்கம் வருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே சரியான விபரம் எழுதப்பட்டிருந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாறாக, உலோகத்தோடு சேர்ந்திருப்பவை முக்கியமாக பைரொக்சீன், பிளாஜியோகிளேஸ் முதலிய கனியங்களாகவும், எல்லாம் உடைந்து நொறுங்கிக் கலந்தவையாகவும் இருந்தால் அது மீசோசிடரைட். கிரேக்க மொழியில் ‘நடு’, ‘இரும்பு’ என்ற இரு சொற்களால் ஆன பெயர் இது. வழமையாக இவ்வகையில் உலோகமும் கல்லும் எடையில் ஏறத்தாழச் சரிபாதியாக இருக்கும்.

இனி ரெக்லிங் சிகரத்துக் கல்லுக்கு வருவோம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த றோய் கிளார்க், பிரயன் மேசன் ஆகிய இருவரும் 1982 இல் அதன் விபரிப்பை வெளியிட்டனர். அதில் உலோகத்தின் பங்கு வழமையான மீசோசிடரைட்டுகளில் இருப்பதைவிட மிக அதிகம். உலோகத்தின் அளவை மட்டும் பார்த்தவர் அதனை இரும்பு விண்கற்களோடு சேர்த்திருக்கக்கூடும். ஆனால் உலோகத்தினிடையே இருந்த கற்பகுதிகள் பைரொக்சீனைக் கொண்டவையாக, மீசோசிடரைட்டுகளின் கனியங்களோடு ஒத்திருந்தன. ஆகவே உலோகம் மிகுந்த மீசோசிடரைட் என்று அதனை வகைப்படுத்தினர். அளவு ஒரு சான்று, உறவு இன்னொரு சான்று. எதனோடு எது சேர்ந்திருக்கின்றது என்ற சான்றுதான் இங்கே முடிவைத் தந்தது. அடுத்த பருவத்திலும் அதே பகுதியிலிருந்து மீசோசிடரைட் துண்டுகள் கிடைத்தன. விபரங்கள் பொருந்தியதால் அவை ஒரே கல்லின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன.

இவ்வகைப்படுத்தல் ஏன் முக்கியம்? மீசோசிடரைட்டுகளில் ஒரு புதிர் இருக்கின்றது. அவற்றின் கற்பகுதி ஒரு சிறுகோளின் வெளியோட்டைச் சேர்ந்தது. உலோகமோ அகணிக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய ஒலிவின் நிறைந்த நடுப்படையோ அவற்றில் மிகக் குறைவு. வீட்டின் கூரையோடும் அத்திவாரக் கல்லும் ஒன்றாகக் கிடக்க, சுவரை மட்டும் காணவில்லை என்பதுபோன்ற நிலை இது. பெரும் மோதல் ஒன்றில் ஒரு சிறுகோளின் உருகிய உலோகம் இன்னொன்றின் மேற்பரப்போடு கலந்தது என்பது முன்வைக்கப்பட்டுள்ள விளக்கங்களில் ஒன்று. மேலும் அவ்வுலோகம், தாழ்ந்த வெப்பநிலைகளில் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு பாகை செல்சியசுக்கும் குறைவான வேகத்தில் குளிர்ந்திருக்கின்றது. இக்கல்லை வெறும் ‘இரும்பு’ என்று பதிந்து அலுமாரியில் வைத்திருந்தால், இக்கேள்விகளை அதனிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நாம் வைக்கும் பெயர், பின்னர் என்ன கேள்வி கேட்கப்படும் என்பதையும் தீர்மானிக்கின்றது.

பெயர் திருந்திய இரண்டு கற்கள்

கவனமாக வைத்த பெயரும் சிலவேளை திருத்தப்பட வேண்டி வரும். 1984 டிசம்பர் 27 ஆம் திகதி, அந்தாட்டிக்காவின் அலன் குன்றுகளில் ரோபேர்ட்டா ஸ்கோர் என்ற பெண் ஆய்வாளர் 1.93 கிலோகிராம் திணிவுள்ள கல்லொன்றைக் கண்டெடுத்தார். அதன் இலக்கம் ஏ.எல்.எச். 84001. சிறுகோளிலிருந்து வந்த டயோஜினைட் என்ற வகையைச் சேர்ந்ததாக அது பதியப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அப்பெயரிலேயே இருந்தது. 1993 இல் டேவிட் மிற்றில்பெல்ட் டயோஜினைட்டுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, இக்கல்லின் சில கனியங்கள் ஏனையவற்றோடு பொருந்தாமையைக் கவனித்தார். அது செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த கல்! ஒட்சிசனின் சமதானிகளது விகிதமும் அதனை உறுதிசெய்தது. மாதிரி பழுதின்றிப் பாதுகாக்கப்பட்டிருந்ததாலும், முதல் விபரிப்பு எழுத்தில் இருந்ததாலுமே அந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று.

இரண்டாவது உதாரணம் நமது நாட்டைச் சேர்ந்தது. இலங்கையின் ஆற்று மணலிற் கிடைக்கும் கபிலநிற இரத்தினக்கல் ஒன்றை, கபிலநிறமான ஒலிவின் என்றே நெடுங்காலம் விற்றும் வாங்கியும் வந்தார்கள். பல்லசைட்டுகளில் பதிந்திருக்கும் அதே ஒலிவின்தான். ஒலிவின் இரத்தினத்தின் அடர்த்தி 3.34 அளவு. இக்கல்லினது 3.48 அளவு. வித்தியாசம் சிறியது, ஆனால் அது ஒவ்வொரு முறையும் வந்தது. 1952 இல் லண்டன் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது மக்னீசியம், அலுமினியம், போரன் ஆகியன சேர்ந்த புதிய கனியம் என்று நிறுவினர். நமது தீவின் பழம்பெயரைக் கொண்டு அதற்குச் சின்ஹலைட் என்று பெயரிட்டனர். பழைய பெயரோடு ஒத்துவராத ஓர் எண்ணை யாரும் தள்ளிவிடாமல் வைத்திருந்ததன் பயன் அது.

வகுப்பறையில் செய்யக்கூடியது

தரம் 10 மாணவியரோடு நான் செய்துவரும் பயிற்சி ஒன்றை இங்கே தருகிறேன். பெற்றோரும் வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். ஒரே அளவான பத்துக் கற்களை எடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கல்லைக் கொடுத்து, பெயரைச் சொல்லாமல் விபரிக்கச் சொல்லுங்கள். தராசில் திணிவை நிறுக்கலாம். அளவுச்சாடியில் நீர்மட்டம் உயர்வதைக் கொண்டு கனவளவைக் காணலாம். காந்தம் ஒட்டுகின்றதா, நாணயத்தால் கீறு விழுகின்றதா, மினுக்கமற்ற ஓட்டின் பின்பக்கத்தில் உரசினால் என்ன நிறக் கோடு விழுகின்றது என்றெல்லாம் பார்க்கலாம். பின்னர் பத்துக் கற்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, ஒரு குழு எழுதியதை இன்னொரு குழுவிடம் கொடுங்கள். எழுத்தை மட்டும் வைத்து அவர்கள் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சுற்றில் பெரும்பாலும் யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. “கறுப்பாக, அழகாக இருக்கின்றது” என்ற வரி பத்தில் ஆறு கற்களுக்குப் பொருந்திவிடும். இரண்டாம் சுற்றில் பிள்ளைகள் தாமாகவே எண்களைத் தேடுவார்கள். மூன்றாம் சுற்றில், “ஒரு பக்கத்தில் 4 மில்லிமீற்றர் நீளமான வெள்ளைக் கோடு உண்டு, காந்தம் ஒட்டவில்லை” என்று எழுதுவார்கள். அறியாத ஒருவர் படித்து அதே கல்லைக் கையில் எடுக்கக்கூடியதே நல்ல விபரிப்பு என்பதை நான் சொல்லாமலே அவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

சில வேளைகளில் பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்திலோ கடற்கரையிலோ கிடைத்த பாரமான கரிய கல்லை “விண்கல்தானே, டீச்சர்?” என்று கொண்டு வருவதுண்டு. அவற்றிற் பெரும்பாலானவை இரும்புக் கசடாகவோ இரும்புத்தாதாகவோ இருக்கும். உள்ளே குமிழ்த் துளைகள் நிறைந்திருந்தால் கசடாக இருக்கலாம். ஓட்டில் உரசும்போது சிவந்த கோடு விழுந்தால் இரும்புத்தாதாக இருக்கலாம். ஆனால் நான் உடனே இல்லையென்று சொல்வதில்லை. “விபரத்தை எழுதிக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்” என்றே சொல்கிறேன். எழுதி முடிக்கும்போது விடையை அவளே கண்டுவிடுகிறாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

1978–79 பருவத்தில் அமெரிக்கத் தேடற்குழுவோடு அந்தாட்டிக்கா சென்று விண்கற்களைத் தேடியவர்களுள் உர்சுலா மார்வின் என்ற பெண் புவிச்சரிதவியலாளரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கல்லும் பனியும் ஆண்களுக்குரிய துறை என்ற பெயரும் விபரம் பார்க்காமல் வைக்கப்பட்ட பெயர்தான். நம் பிள்ளைகளுள் கற்களை ஆராயும் ஆவலுள்ள ஒருத்தி இருந்தால், அந்த ஆவலை விளையாட்டென்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்நாட்டின் பல்கலைக்கழகங்களிலே புவிச்சரிதவியல் கற்பிக்கப்படுகின்றது.

தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கை எழுதும் நேரங்களில் இந்தக் கற்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு. “கெட்டிக்காரி”, “மந்தம்”, “கணிதம் வராது” என்று ஒரு சொல்லில் எழுதிவிடுவது எளிது. அச்சொல்லை வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டால், அந்தப் பிள்ளையிடம் அதன் பின் கேட்கப்படும் கேள்விகளும் அதற்கேற்றபடியே அமைந்துவிடுகின்றன. ஆகவே நான் அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக மூன்று வாக்கியங்கள் எழுதுகிறேன். எந்தக் கணக்கைச் சரியாகச் செய்கிறாள், எந்தப் படியில் தடுமாறுகிறாள், சென்ற தவணையிலிருந்து என்ன மாறியிருக்கின்றது என்பவையே அவை. அதற்கு நேரம் அதிகம் செல்கின்றது. ஆனால் அதனை வாசிக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஏதோ ஒன்று கிடைக்கின்றது.

அந்தாட்டிக்காவின் கற்களை யாரும் விற்பதற்காக எடுப்பதில்லை, ஆய்வுக்காகவே எடுக்கிறார்கள். ஒரு கல் முழுவதையும் ஒரே தலைமுறை வெட்டி முடித்துவிடுவதுமில்லை. ஒரு பகுதியை எப்போதும் மீதம் வைக்கிறார்கள். நாளை இன்னும் கூர்மையான கருவியோடும், நாம் நினைத்துப் பார்க்காத கேள்வியோடும் ஒருவர் வரலாம் என்பதற்காகவே அது. அவ்வாறு வருபவர் இந்தக் கல்லூரியில் கற்றவராகவும் இருக்கலாம். அப்போது அவர் முதலில் கைக்கெடுப்பது கல்லையல்ல. அதனை முன்னர் பார்த்தவர்கள் எழுதி வைத்த விபரத்தையே.